பிறமொழித் தேர்ச்சியும் 'தாய்மொழியாளர்' என்னும் அளவுகோலும்: வல்வெட்டித்துறையை முன்னிறுத்தி ஒரு நோக்கு

1

பிறமொழி ஒன்றைக் கற்றவரின் திறமையை மதிப்பிடும்போது, அம்மொழிக்குரியவர் போலவே பேசுகின்றார், அவர்களைப் போலவே எழுதுகின்றார் என்று கூறிப் பாராட்டுவது வழக்கம். மொழி கற்பித்தல் நூல்களும் நெடுங்காலமாக இதனையே இறுதி இலக்காகக் கொண்டு வந்துள்ளன. கற்பவர் தாய்மொழியாளரை எவ்வளவுக்கு அணுகுகின்றாரோ அவ்வளவுக்கு அவரது தேர்ச்சி உயர்ந்ததாகக் கொள்ளப்படும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது ஐயத்துக்கிடமற்ற நடுநிலையான அளவுகோலாகவே தோன்றும். ஆயின், அளப்பவர் யார், அளக்கப்படுபவர் யார், அளவைக்கு எடுத்துக்கொள்ளப்படும் 'தாய்மொழியாளர்' சமூகத்தின் எப்பகுதியைச் சேர்ந்தவர் என்னும் வினாக்களை எழுப்பியதும் அந்நடுநிலைமை கலைந்துவிடுகின்றது.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு வல்வெட்டித்துறை பொருத்தமானதொரு களமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த இவ்வூர், பாய்க்கப்பல் கட்டுதலுக்கும் கடல் வாணிகத்துக்கும் பெயர்பெற்றது. இதன் கடலோடிகள் நாகபட்டினம், கொச்சி, சிட்டகொங், பர்மா ஆகிய இடங்களின் துறைகளுக்குச் சென்று வந்தவர்கள். மறுபுறம், சிந்தாமணி நிகண்டை இயற்றிய ச. வைத்தியலிங்கபிள்ளையைப் போன்ற மரபுவழிப் புலவரும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வாழ்ந்தனர். அயலிலுள்ள பருத்தித்துறையில் வெசுலியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் 1838இல் தொடக்கிய கல்விக்கூடம் பின்னர் ஹாட்லிக் கல்லூரியாக வளர்ந்தது. 1980களின் போர்க்காலத்திலிருந்து இவ்வூர் மக்கள் ஐரோப்பாவெங்கும் கனடாவிலும் அகதிகளாகச் சென்று புதிய மொழிகளைக் கற்கலாயினர். புலவர் தமிழ், கடலோடி தமிழ், மிசனரி தமிழ், அரசாங்க ஆங்கிலம், கட்டாயச் சிங்களம், அகதியின் பிறமொழி என்னும் அனைத்தையும் இந்தச் சிறு ஊரில் நின்றுகொண்டே நோக்க முடிகின்றது. அவற்றுள் எது புலமை எனப்பட்டது, எது அவ்வாறு எண்ணப்படவேயில்லை என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

2

முதலில் மொழியியல் கூறுவதை நோக்குவோம். வயதுக்கும் மொழி கற்றலுக்கும் உள்ள தொடர்பினை எரிக் லெனபேர்க் 1967இல் வெளியிட்ட நூல் உயிரியல் அடிப்படையில் விளக்க முயன்றது. பருவ வயதுக்குப் பின்னர் மொழியொன்றை இயல்பாகவே உட்கொள்ளும் ஆற்றல் குன்றுகின்றது என்பது அவரது கருதுகோள். பின்வந்தோர் இதனைப் பலவாறு திருத்தினர். 2009இல் நிக்ளஸ் ஆபிரகாம்சன், கெனெத் ஹில்ரென்சுராம் ஆகியோர் சுவீடனில் வாழும் 195 பேரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். இவர்கள் ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; சுவீடிய மொழியிலே தம்மைத் தாய்மொழியாளராகவே பிறர் கருதுவர் என்ற நம்பிக்கை உடையவர்கள். இளமையிலே கற்கத் தொடங்கியோரிற் பெரும்பான்மையோர் கேட்போரின் சோதனையில் தேறினர். வளர்ந்தபின் கற்றோரில் மிகச் சிலரே தேறினர். அவ்வாறு தேறியோரை நுண்ணிய சோதனைகள் பலவற்றுக்கு உட்படுத்தியபோது, வளர்ந்தபின் கற்றோருள் எவரும் எல்லாச் சோதனைகளிலும் தாய்மொழியாளருடன் ஒத்திருக்கவில்லை.

இம்முடிவு முக்கியமானது. ஆயினும் இதனை வைத்து வளர்ந்தோர் கற்கும் மொழி எப்போதும் குறையுடையது எனக் கொள்ளுதல் தவறு. காதாற் கேட்கும்போது புலப்படாத வேறுபாட்டைக் கருவியினால் கண்டறியலாம் என்பதே அவ்வாய்வு காட்டும் உண்மை. அவ்வேறுபாடு ஒருவர் நீதிமன்றத்தில் வாதாடுவதற்கோ, நோயாளியைத் தேற்றுவதற்கோ, நாவல் எழுதுவதற்கோ தடையாகுமா என்பது வேறு வினா.

ஜோசப் கொன்ராட்டின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. 1857இல் போலந்துக் குடும்பமொன்றிலே பிறந்த இவருக்குப் போலிய மொழி முதன்மொழி, பிரெஞ்சு இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. 1878இலேயே ஆங்கிலக் கப்பலொன்றில் முதன்முறையாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. கப்பற் தளத்திலே கற்ற அந்த மொழியில் 1895இல் தமது முதல் நாவலை வெளியிட்டார். ஆங்கில நாவலின் தலையாய ஆசிரியருள் ஒருவராக மதிக்கப்பட்ட பின்பும் அவரது பேச்சில் அந்நிய உச்சரிப்பு இறுதிவரை நீங்கவில்லை. எழுத்திலே தாய்மொழியாளரை விஞ்சியவர், பேச்சிலே அவர்களை எட்டவில்லை. எனவே 'தாய்மொழியாளர் போன்ற தேர்ச்சி' என்பது ஒற்றைப் பொருளன்று. ஒலிப்பு, இலக்கண உணர்வு, சொல்வளம், இடத்துக்கேற்ற நடை, நகைச்சுவை உணர்வு எனப் பலவற்றின் தொகுதி. ஒன்றிருக்க மற்றொன்று இல்லாதிருக்கலாம்.

இதனோடு இன்னொன்றையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 1924இல் கொன்ராட் மறைந்தபோது வேர்ஜீனியா வுல்ஃப் எழுதிய அஞ்சலிக் கட்டுரை அவரை ஒரு விருந்தினராகவே உருவகித்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆங்கிலத்தில் எழுதியவர், நாற்பதாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பிரித்தானியப் பிரசை, ஆயினும் விருந்தினர். மொழித் தேர்ச்சி ஒன்று, மொழிச் சமூகத்திலே அங்கத்துவம் பெறுதல் வேறொன்று என்பதை இது தெளிவுபடுத்துகின்றது. முன்னையதைக் கற்பவர் உழைத்துப் பெறலாம். பின்னையதைப் பிறரே வழங்கவேண்டும். தாய்மொழியாளர் என்னும் அளவுகோல் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி மயக்குகின்றது.

3

தமிழைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் ஆழமானது. சார்ள்ஸ் பேர்குசன் 1959இல் இரட்டை வழக்குப் பற்றி எழுதிய கட்டுரை, அரபு, நவீன கிரேக்கம், சுவிசு ஜேர்மன், எயித்தியக் கிரியோல் ஆகியவற்றை முதன்மை உதாரணங்களாகக் கொண்டது. ஒரே சமூகத்தில் உயர்வழக்கொன்றும் பேச்சுவழக்கொன்றும் தத்தமக்குரிய களங்களிலே வழங்குதல் அதன் இயல்பு. தமிழும் இவ்வகையினது என்பது மொழியியலாளருக்கு உடன்பாடு. உயர்வழக்கை எவரும் தாயின் மடியில் கற்பதில்லை, பள்ளியிலேயே கற்கின்றனர். அவ்வாறாயின் இலக்கியத் தமிழுக்குத் 'தாய்மொழியாளர்' எவருமிலர். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அதனை ஓரளவு பிறமொழி போலவே கற்கின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டவர் இத்தாலியரான வீரமாமுனிவர் (1680-1747). அவர் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். முன்னையது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பின்னையதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1822இல் வெளிவந்தது. தமிழைக் கற்க வரும் அந்நியர் இரு தமிழைக் கற்கவேண்டும் என்பதை அவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆயின் நமது இலக்கிய வரலாறுகள் அவரைப் போற்றும்போது தேம்பாவணியையும் சதுரகராதியையும் முன்னிறுத்துகின்றன; மக்கள் பேசிய தமிழை மதித்து இலக்கணம் வகுத்த செயலைப் போகிறபோக்கிற் குறிப்பிட்டு விடுகின்றன. அந்நியர் நமது உயர்வழக்கைக் கைக்கொண்டமை பெருமையாகின்றது. நமது பேச்சைக் கற்றமை வெறும் வசதியாகின்றது. நாம் எதனைத் தமிழென மதிக்கின்றோம் என்பதை இது காட்டும்.

யாழ்ப்பாணத்து மிசனரித் தமிழையும் இந்நோக்கில் அணுகலாம். பேர்சிவல் 1826இல் யாழ்ப்பாணம் வந்து, இரு தசாப்தங்களுக்கு மேலாக இங்கு பணியாற்றினார். பிற்காலத்திலே சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். பழமொழியைத் தேடித் தொகுத்தவருக்கு மொழியின் உயிர்ப்புள்ள இடம் எதுவென்பது தெரிந்திருந்தது எனலாம். அவர் தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரின் பங்கு நாமறிந்ததே. பேர்சிவலின் பள்ளியிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நாவலர், 1840களில் அப்பணியில் ஈடுபட்டார்.

அம்மொழிபெயர்ப்புக்கு நேர்ந்த சோதனை பற்றி நாவலர் சரித்திரங்கள் கூறும் செய்தி நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. யாழ்ப்பாணத்துத் தமிழ் வழுவுடையதாயிருக்குமோ எனச் சென்னையிலுள்ளோர் ஐயுற்றனர் என்றும், மழவை மகாலிங்கையர் அதனை ஆராய்ந்து, பிழையற்றது எனப் பாராட்டினார் என்றும் அவை கூறுகின்றன. இச்செய்தியைக் கூறுவோர் அதனை வெற்றிக் கதையாகவே கூறுவர். அதன் மறுபக்கத்தை நோக்குதல் வேண்டும். இங்கு சோதனைக்குள்ளானவர் ஆங்கிலேயப் பாதிரியார் மாத்திரமல்லர்; தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாவலரும் சோதிக்கப்பட்டார். தாய்மொழியாளருக்குள்ளேயே அளப்போர் எனவும் அளக்கப்படுவோர் எனவும் பிரிவு இருந்தது. மையத்திலிருந்து விலகிய பிரதேசத்தவர் தமது சொந்தமொழியிலும் சான்றிதழ் பெறவேண்டியவராயினர்.

மிசனரிகளின் தமிழ்த் தேர்ச்சி பற்றி இன்னொரு கருத்தையும் முன்வைக்கலாம். அது தனிமனிதச் சாதனையாகவே இதுவரை எழுதப்பட்டு வந்துள்ளது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியின் விளைவுகள். இவற்றை ஆக்குவதில் அவரது தமிழ் மாணாக்கர் மொழிபெயர்ப்பாளராக உழைத்தனர். பேர்சிவலுக்கு நாவலர் போல, கிறீனுக்கு அவர் மாணாக்கர். ஏறத்தாழ எல்லா மிசனரிகளுக்கும் பின்னால் முன்ஷிகளும் பண்டிதர்களும் இருந்தனர். எனவே அந்நியரின் 'உயர் தமிழ்த் தேர்ச்சி' எனப்படுவது பெரும்பாலும் கூட்டுழைப்பின் விளைவே. உழைப்பு இருவருடையது, பெயர் ஒருவருடையது என்பது குடியேற்ற காலப் பொருளாதாரத்தின் இயல்பு; அறிவுத்துறையும் அதற்கு விலக்கன்று. இதனைக் கூறுவது கிறீனின் பணியைக் குறைத்து மதிப்பதாகாது. தமிழில் மருத்துவம் கற்பிக்கலாம் என்பதை அவர் செய்தே காட்டினார். பின்வந்த தமிழறிஞர் பலர் அதனை நம்பவே தயங்கினர்.

போற்றுதலில் நாம் எவ்வளவு தூரம் செல்வோம் என்பதற்கு ஜி. யு. போப்பின் கல்லறை பற்றிய கதை சான்று. 'தமிழ் மாணவன்' என்று தம் கல்லறையிலே பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும் அவ்வாறே பொறிக்கப்பட்டது என்றும் மேடைகளிலும் பாடநூல்களிலும் கூறப்படுவதுண்டு. ஒக்ஸ்போர்ட்டிலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் குடும்பத்தினரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்ற செய்தியே அதில் உண்டு. உண்மையில் அதுவே கதையினும் சிறந்த செய்தி. ஆயினும் நமக்கு அது போதவில்லை. ஆளும் இனத்தவர் ஒருவர் நம் மொழியின் முன் மாணவராக நின்றார் என்ற நிறைவு நமக்குத் தேவைப்பட்டது. மேலேயிருந்து வருபவருக்கு அங்கத்துவத்தைக் கேளாமலே வழங்கினோம்.

4

கீழேயுள்ளவரின் மொழியறிவை நாம் எவ்வாறு மதித்தோம்? இங்கேதான் வல்வெட்டித்துறைக் கடலோடி நினைவுக்கு வருகின்றார்.

அவர் சென்ற துறைகளில் தமிழ் மாத்திரம் வழங்கவில்லை. வங்கக் கரையிலும் பர்மாவிலும் மலையாளக் கரையிலும் சரக்கை ஏற்றவும் இறக்கவும், விலை பேசவும், சுங்கத்தாரிடம் பதில் கூறவும், நோய்வாய்ப்பட்ட தோழனுக்கு மருந்து தேடவும் அவ்விடத்து மொழிகளில் புழங்கவேண்டியிருந்தது. இதனைப் பிறமொழிப் புலமை என எவரும் எழுதவில்லை. அதற்கு இலக்கணமில்லை, சான்றிதழில்லை, பரீட்சையில்லை. அதனைப் பெற்றவருக்கு எழுதி வைக்கும் ஓய்வுமில்லை.

ஆயினும் அக்கலப்பின் தடயம் சொற்களில் உள்ளது. கப்பலைத் திருப்பும் சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. மாலுமி என்னும் சொல்லோ, கற்பிப்பவர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. கடல் வழியை அறிந்தவரே அங்கு ஆசிரியர். கரையில் நாம் இருக்கும் கதிரையும், உடைகள் வைக்கும் அலுமாரியும், காலில் அணியும் சப்பாத்தும், நிலத்தைக் கிண்டும் அலவாங்கும் போர்த்துக்கீசர் விட்டுச் சென்றவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. இவற்றைக் கொண்டுவந்தவர் அதிகாரிகளாயினும் தமிழாக்கியவர் அவர்களல்லர். துறையிலும் சந்தையிலும் பட்டறையிலும் உழைத்த சாதாரண மக்களே. பிறமொழிச் சொல்லைத் தமிழின் ஒலிக்கேற்ப வளைத்து, தமிழ் வேற்றுமை உருபை ஏற்றி, தமக்குரியதாக்கிய அச்செயலும் மொழித் தேர்ச்சியின் ஒரு வடிவமே.

வைத்தியலிங்கபிள்ளை நிகண்டு செய்த அதே ஊரில், அதே காலத்தில், கப்பல் கட்டுவோரும் கடலோடுவோரும் இவ்விரிந்த சொற்றொகுதியைக் கையாண்டுகொண்டிருந்தனர். நிகண்டு, செய்யுளில் ஆளப்படும் சொற்களின் களஞ்சியம். பட்டறைச் சொல்லைத் தொகுப்பது அதன் நோக்கமன்று. அதனைக் குறையெனக் கூறுவது வரலாற்று நோக்காகாது. ஆனால் நிகண்டின் எல்லையையே தமிழின் எல்லையாகக் கொண்டு பின்வந்த கல்வி மரபை வினாவுக்கு உட்படுத்தலாம். வல்வெட்டித்துறையில் பிறந்த ஒருவர் 'தாய்மொழியாளர்' ஆவது எந்தத் தமிழுக்கு? நிகண்டின் தமிழுக்கா, சுக்கான் பிடித்தவரின் தமிழுக்கா? கல்விமரபு முன்னையதையே தமிழென்றது. பின்னையதைக் கொச்சை என ஒதுக்கியது. இத்தீர்ப்புக்குப் பின்னால் மொழிநூல் இல்லை. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி, வர்க்க அடுக்கே உள்ளது. நிலத்தையும் கல்விக்கூடத்தையும் தம்வசம் வைத்திருந்தோரின் வழக்கு தரமாயிற்று. கரையோரத்தவரின் வழக்கு அத்தரத்திலிருந்து விலகியதாயிற்று.

வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளுடன் அது 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இந்தப் பயணத்தை நாம் கடற்றிறனுக்குச் சான்றாகவே நினைவுகூர்கின்றோம். அது மொழித்திறனுக்கும் சான்றாகும். நடுக்கடலிலே கட்டளை தவறாக விளங்கப்படுமாயின் உயிர் போகும். அங்கு தாய்மொழியாளர் போன்ற உச்சரிப்பு வேண்டியதில்லை. பொருள் உரிய வேளையில் உரியவரைச் சென்றடைதலே வேண்டும். கப்பற்தளம் வைக்கும் பரீட்சை பல்கலைக்கழகத்தின் பரீட்சையினும் கடுமையானது.

5

குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலம் உத்தியோகத்துக்கான வாயிலாக இருந்தது. நிலவளம் குன்றிய யாழ்ப்பாணத்திலே ஆங்கிலக் கல்வி ஒருவகைப் பயிர்ச்செய்கையே எனலாம். அதன் விளைச்சல் கொழும்பிலும் மலாயாவிலும் கிடைத்த எழுதுவினைஞர் பதவிகள். அங்கு கோரப்பட்ட தேர்ச்சி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குட்பட்டது. எழுதுவினைஞர் பிழையற எழுதவேண்டும். ஆனால் துரையின் இடத்திலிருந்து பேசக்கூடாது. 'தாய்மொழியாளர் போல' என்னும் இலக்கு காட்டப்பட்டது, ஆனால் கதவு ஓரளவுக்கே திறக்கப்பட்டது.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நிலைமையை மாற்றியது. சிங்களம் மாத்திரமே அரசகரும மொழியாகியது; தமிழ் அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டியவராயினர். ஆங்கிலமொழிமூலம் அரச சேவையிற் சேர்ந்த செ. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கு, அப்பரீட்சையிலே தேறாமையால் 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கி, அரசியலமைப்புப் பற்றிய வினாவை மீண்டும் ஆராயுமாறு பணித்தது. 1972இன் புதிய அரசியலமைப்பு வந்தபின் அவ்வினாவுக்கு நீதிமன்றத்திலே விடை கிடைக்கவில்லை.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சிங்களத்தைக் கற்பது தமிழருக்குக் கேடன்று. இரு மொழியினரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றிருப்பின் இந்நாட்டின் வரலாறு வேறாகியிருக்கக்கூடும். கேடு விளைந்தது, தேர்ச்சி உறவின் கருவியாகாமல் தண்டனையின் கருவியாகியபோதே. கற்பவருக்கு அங்கத்துவம் வழங்கும் எண்ணமின்றி வைக்கப்படும் பரீட்சை, விலக்குவதற்கான வழியே.

அதன் இறுதி வடிவத்தை 1983 யூலையில் கண்டோம். வீதிகளில் மறிக்கப்பட்டோரை, நீர்வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரை இனங்கண்டனர் என்பதைப் பலரும் பதிவுசெய்துள்ளனர். தமிழில் சொல்லின் முதலிலே ஒலிப்புடைய வெடிப்பொலி இயல்பாக வருவதில்லை. சிங்களத்தில் அச்சொல் தொடங்கும் ஒலியை நமது எழுத்தில் வேறுபடுத்தி எழுதவும் முடியாது. பல்லாண்டு கொழும்பில் வாழ்ந்து, சரளமாகச் சிங்களம் பேசியவரின் தேர்ச்சி முழுவதும் அந்த ஒரு மெய்யொலியில் நிறுத்துப் பார்க்கப்பட்டது. அச்சொல்லும் தூய சிங்களமன்று. போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்தது. நியாயாதிபதிகள் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யோர்தான் துறைகளிலே ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க இயலாதோர் கொல்லப்பட்ட கதையைக் காணலாம். மாண்டோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். பேர்சிவலும் நாவலரும் தமிழாக்க உழைத்த நூலிலுள்ள கதை அது. மொழித் தேர்ச்சியைத் 'தாய்மொழியாளரோடு ஒத்தல்' என வரையறுக்கும் சிந்தனை, தன் எல்லைவரை சென்றால் அடையும் இடம் இதுவே.

6

1983க்குப் பின் அகதியாகச் சென்றவர் இவ்வளவுகோலை இருமுறை எதிர்கொள்ள நேரிடுகின்றது. புகலிடம் கோருவோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அவர் தாம் கூறும் பிரதேசத்தைச் சேர்ந்தவர்தானா என ஆராயும் முறையை ஐரோப்பிய அரசுகள் சில 1990களிலிருந்து கையாண்டு வருகின்றன. அதாவது, சொந்தமொழியிலேயே தாம் தாய்மொழியாளர் என நிறுவுதல் வேண்டும். 2004இல் மொழியியலாளர் குழுவொன்று இதற்கான வழிகாட்டற் குறிப்புகளை வெளியிட்டது. பேச்சு ஒருவர் சமூகமயமான சூழலைக் காட்டுமேயன்றி அவரது தேசிய இனத்தையோ பிரசாவுரிமையையோ தானே நிறுவாது என்றும், தகுதிபெற்ற மொழியியலாளரே முடிவு கூறவேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. பல ஊர்களில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவரின் பேச்சு கலந்தே இருக்கும். போர் அவர் பேச்சைக் கலக்கியது. அக்கலப்பே அவருக்கெதிரான சான்றாகலாம்.

அடுத்தது புகலிட நாட்டின் மொழி. ஜேர்மனியில் பிரசாவுரிமை பெற ஐரோப்பியப் பொது வரையறையின் 'பி1' நிலையும், சுவிற்சர்லாந்தில் 2018 முதல் பேச்சில் 'பி1', எழுத்தில் 'ஏ2' நிலைகளும் வேண்டப்படுகின்றன. சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஈழத்தமிழர் வாழ்வதாகக் கூறப்படுகின்றது. பேர்குசன் இரட்டை வழக்குக்கு எடுத்துக்காட்டிய நாடு அது என்பது இங்கு நினைக்கத்தக்கது. வகுப்பிலே கற்பிக்கப்படுவது உயர் ஜேர்மன். உணவகச் சமையலறையிலும் மருத்துவமனை விடுதியிலும் தொழிலாளர் பேசுவது சுவிசு ஜேர்மன். தமிழ் என்னும் இரட்டை வழக்கில் பிறந்தவர் இன்னோர் இரட்டை வழக்குள் சென்று சேர்ந்தார். எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று என்னும் நிலை அவருக்குப் புதிதன்று. ஆசிரியர்கள் இதனை அறிந்திருப்பின் கற்பித்தல் எளிதாகியிருக்கும்.

தேர்ச்சி பற்றிய கொள்கையும் மாறிவருகின்றது. 1985இல் தோமஸ் பைக்கடே, தாய்மொழியாளர் என்ற கருத்தே இறந்துவிட்டது என வாதிட்டு நூலெழுதினார். 1991 முதல் விவியன் குக், இருமொழியாளரை ஒருமொழியாளரின் குறைப்பிரதியாகக் காணாது, தனக்கேயுரிய முழுமையான மொழியறிவுடையவராகக் காணவேண்டும் என வற்புறுத்தினார். 2001இல் வெளிவந்த ஐரோப்பிய வரையறையின் விவரணங்களில் இருந்த 'தாய்மொழியாளர்' என்னும் சுட்டு 2020இன் துணைத்தொகுதியில் நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1984இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஜேர்மனி சென்ற செந்தூரன் வரதராஜா 2016இல் தமது முதல் நாவலை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். அவரை அம்மொழிக்கு 'நெருங்கியவர்' என்பதா, அம்மொழியின் எழுத்தாளர் என்பதா? கொன்ராட்டுக்குச் செய்த தவறு இங்கு மீளக்கூடாது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. அதிகாரமுடையவர் அதிகாரமற்றோரின் மொழியைக் கற்கும்போது சிறு தேர்ச்சியும் பெரும் புலமையாகப் போற்றப்படுகின்றது. அதிகாரமற்றோர் அதிகாரமுடையோரின் மொழியைக் கற்கும்போது பெருந்தேர்ச்சியும் ஓர் ஒலியின் பிழையினாலே தள்ளப்படுகின்றது. உழைப்போர் தம்முள் பரிமாறிக்கொள்ளும் மொழியறிவோ கணக்கிலேயே இடம்பெறுவதில்லை. அளவுகோல் மொழியில் இல்லை. அதனைக் கையில் ஏந்தியிருப்பவரிடமே உள்ளது.

இதனால் தேர்ச்சியை அளக்கவே கூடாது என்பது பெறப்படாது. மருத்துவருக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கும் உயர்ந்த தேர்ச்சி அவசியம். ஆனால் அளவை செயலைச் சார்ந்திருத்தல் வேண்டும்: இம்மொழியில் இவர் என்ன செய்ய வல்லவர், எவரோடு எவ்விடயத்தைப் பகிர வல்லவர் என்பதே வினா. எவரைப் போல ஒலிக்கின்றார் என்பதன்று.

பிறரிடம் நாம் கேட்கும் இந்நீதியை நாமும் வழங்குதல் வேண்டும். இன்று தமிழின் வாயிலில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் தமிழ் கற்க முன்வரும் சிங்களவர். மற்றவர் சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ பிறந்து, வார இறுதிப் பள்ளியிலே தமிழ் பயிலும் பிள்ளை. இருவருக்கும் நாம் பெரும்பாலும் எழுத்துத் தமிழையே புகட்டுகின்றோம். அதனைப் பேச்சில் அவர்கள் ஒப்புவித்ததும் நகைக்கின்றோம். பேச்சுத் தமிழை எழுதினாலோ திருத்துகின்றோம். பாதிரியாருக்குத் தாராளமாக வழங்கிய அங்கத்துவத்தைப் பேரப்பிள்ளைக்கு மறுக்கின்றோம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் உணர்ந்ததை, இரு தமிழையும் வெளிப்படையாகக் கற்பிக்கவேண்டும் என்பதை, நமது பாடத்திட்டங்கள் இனியேனும் உணர்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. பாய்க்கப்பற் காலம் முடிந்துவிட்டது. கப்பல் கட்டிய பட்டறைகளின் சொற்களையும் கடலோடிகளின் பன்மொழி வழக்கையும் அறிந்தோர் அருகி வருகின்றனர். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய கரையோர ஊர்களில் எஞ்சியுள்ள அச்சொற்களை, அவற்றைச் சொல்வோரின் குரலிலேயே பதிவுசெய்து தொகுத்தல் வேண்டும். நிகண்டு செய்த ஊருக்கு அத்தகைய தொகுதி ஒன்று இன்னும் கடனாக உள்ளது.